பள்ளம் வைத்திருந்த தண்ணீர்

என் கணவருக்குக் குழிக்குள் உட்கார்ந்து பார்க்கிற வேலை. பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளை இன்ஜினியர் என்றுதான் சொன்னார்கள். பாலம் கட்டுவார், அணை கட்டுவார் என்று நானாக நினைத்துக்கொண்டேன். யாரும் பொய் சொல்லவில்லை, நான்தான் இன்னொரு கேள்வி கேட்காமல் விட்டுவிட்டேன். கல்யாணமான புதிதில், கட்டட வேலை தொடங்கப்போகிற ஒரு பொட்டல் வெளிக்கு என்னை அழைத்துப் போனார். ஆள் உயரத்துக்கு மேல் ஆழமாக வெட்டி வைத்திருந்த ஒரு குழியைக் காட்டி, "இதுதான் என் ஆபீஸ்" என்றார்.

"இதுல என்ன கட்டப்போறீங்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் கட்டல. பார்த்துட்டு மூடிடுவோம்."

மண்ணாங்கட்டி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். பிறகுதான் தெரிந்தது, அவருடைய வேலையில் அதுவும் ஒரு வகை மண் என்று.

கட்டடம் எழும்புவதற்கு முன்னால் அடியில் இருப்பது என்ன மண், எவ்வளவு வெட்டி எடுக்க வேண்டும், எங்கே நிரப்ப வேண்டும், மழைத்தண்ணீரை எந்தப் பக்கம் அனுப்ப வேண்டும் என்று ஒருவர் சொல்லியாக வேண்டும். அந்த ஒருவர் இவர். கான்ட்ராக்டர்கள் எல்லோரும் இவரைக் குழி சார் என்பார்கள். முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். இவரும் அதைப் பட்டம் கொடுத்ததுபோல் வாங்கிக்கொள்வார்.

ஓரங்களைப் படிபடியாக வெட்டாத குழிக்குள் இறங்கவே மாட்டார். "மண்ணுக்கு நம்ம மேல பகை கிடையாது. ஆனா விழணும்னு தோணிச்சுன்னா விழுந்துடும்" என்பார். இறங்கியதும் ஒரு முக்காலியைப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்காருவார். கத்தி முனையால் கொஞ்சம் சுரண்டி, தண்ணீர் தெளித்து, உள்ளங்கைகளுக்கு நடுவே திரியாக உருட்டுவார். அறுந்துபோகாமல் மெல்லிசாக உருண்டால் அது களிமண், மழைக்கு வீங்கி வெயிலுக்குச் சுருங்கும், அதை நம்பி வீட்டை வைக்கக் கூடாது. உடனே உதிர்ந்தால் மணல். சந்தேகம் வந்தால் ஒரு சிட்டிகை எடுத்துப் பல்லில் வைத்து நறநறவென்று கடித்துப் பார்ப்பார். அதே கையோடு வீட்டுக்கு வந்து நான் பிசைந்து வைத்த மாவையும் திரியாக உருட்டுவார். கரண்டியால் ஒன்று வைப்பேன்.

ஒரு நாள் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனேன். குழிக்குள் சுவரில் தலை சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. இந்த வெயிலில் நான் பஸ் பிடித்து வந்தால், இங்கே துரை குளுகுளுவென்று தூங்குகிறார்.

"தூங்குறீங்களா?"

"ஷ். தண்ணி வருது."

நானும் காதைக் கொடுத்துக் கேட்டேன். ஒன்றும் கேட்கவில்லை. படியில் இறங்கிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்போது அவர் விரலால் காட்டினார். எங்கள் முழங்கால் உயரத்தில், சாம்பல் நிற மண்ணும் மஞ்சள் மண்ணும் சேருகிற இடத்தில் ஒரு முத்து முளைத்தது. பெரிதாகி, நின்று யோசித்து, வழிந்து இறங்கியது. அதே இடத்தில் அடுத்தது. மேலே சதுரமாக ஒரு துண்டு வானம், அதில் மெதுவாகப் போகும் மேகம். வெளியே லாரிச் சத்தம் எங்கோ வேறு ஊரில் கேட்பதுபோல் இருந்தது. இந்தத் தண்ணீர் எந்த வருஷத்து மழையோ, எங்கெங்கே சுற்றிவிட்டு இப்போது எங்களைப் பார்க்க வந்திருக்கிறதோ என்று தோன்றியது. திட்ட வந்தவள் திட்ட மறந்துபோனேன். சாப்பாடு ஆறிப்போனது. அன்றைக்குத்தான் இந்த மனிதரோடு காலம் தள்ளிவிடலாம் என்ற நம்பிக்கை எனக்கு வந்தது.

மேலே ஏறி வந்த பிறகு பரிந்துரை என்று ஒன்று எழுதுவார். எத்தனையோ வருஷமாக எழுதுவது ஏறக்குறைய ஒன்றுதான். மேல்மண்ணை முழுதாகச் சுரண்டி எடுக்கவும். வேர், குப்பை, உடைந்த செங்கல் எதுவும் நிரப்பும் மண்ணோடு சேரக் கூடாது. ஒரு சாண் கனத்துக்கு மேல் ஓர் அடுக்கைப் போடக் கூடாது, அது இறுகிய பிறகே அடுத்தது. வெட்டிய சரிவைச் செங்குத்தாக விடக் கூடாது. கட்டடத்தைச் சுற்றித் தரை வெளிப்பக்கமாகச் சாய வேண்டும். மரம் பக்கத்தில் இருந்தால் வேர் குழாயைத் தேடி வரும், எடுத்துவிடவும். தண்ணீர் எங்கேயும் நிற்கக் கூடாது. நான் சில சமயம் தூக்கத்தில்கூட இதை ஒப்பிப்பேன் என்று அவர் சொல்வார்.

யார் கேட்டார்கள்? பாதி பேர் கடைசிப் பக்கம் வரை படிப்பதே இல்லை. சுவர் வெடித்த பிறகு போன் செய்வார்கள். கேட்டு நடந்தவர்கள் வீட்டில் எதுவும் நடக்காது, அதனால் அவர்களுக்கு இவரை ஞாபகமும் இருக்காது. "இப்படிப்பட்ட வேலைக்கு யாராவது நன்றி சொல்வாங்களா?" என்று கேட்டால், "நின்னுட்டிருக்கே, அது போதாதா" என்பார். கல்லுளிமங்கன். நான் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிப் பழகிக்கொண்டேன்.

இனி என் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சின்னவள் என்றுதான் கூப்பிடுவேன். அம்மா அப்பா போன பிறகு அவளுக்கு நான், எனக்கு அவள். அவளுடைய கணவர் கப்பலில் மெக்கானிக், வருஷத்தில் பாதி கடலிலேயே கழியும். அவளும் மகளும் நகரத்தின் மறுகோடியில் வாடகை வீட்டில் இருந்தார்கள். அவளுக்குக் காய்ச்சல் என்றால் நான் இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேருவதற்குள் காய்ச்சலே இறங்கியிருக்கும். எனக்குப் பிள்ளை இல்லை. நகை நட்டு, வெளியூர்ப் பயணம் எதற்கும் நான் பெரிதாக ஆசைப்பட்டதில்லை. அவளும் நானும் ஒரே தெருவில் இருக்க வேண்டும் என்று மட்டும் ஆசைப்பட்டேன். சாயங்காலம் கூப்பிட்டால் வந்துவிடுகிற தூரத்தில்.

எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு காலி மனை இருந்தது. மனை என்பதைவிடப் பள்ளம் என்பதே சரி. முன்பு யாரோ செங்கலுக்கு மண் எடுத்த இடம். பிறகு தெருவே குப்பை கொட்டி அதைப் பாதி நிரப்பியிருந்தது. மழை வந்தால் குளமாகி, தவளைகள் கத்தும். அது விலைக்கு வந்தபோது சின்னவள் வாங்கினாள். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். எங்களுக்கு அந்தக் கவலை இல்லை, ஆழம் பார்க்கிறவர் வீட்டிலேயே இருந்தார்.

இரண்டு இடத்தில் குழி வெட்டச் சொல்லி இறங்கினார். நானும் சின்னவளும் மேலே நின்றோம்.

"மாமா, வீடு கட்டலாமா?" என்று அவள் எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

"கட்டலாம்."

அவள் என் கையைப் பிடித்து இறுக்கினாள்.

"இப்ப கட்டக் கூடாது" என்றது குழி.

ஏறி வந்து மெதுவாகச் சொன்னார். பழைய குப்பையையும் சேற்றையும் முழுக்க அள்ள வேண்டும். நல்ல மண் கொண்டுவந்து அடுக்கடுக்காக நிரப்ப வேண்டும். பின்பக்கத்து மேட்டைச் சாய்வாக வெட்டி, அதன் காலடியில் ஜல்லி போட்டு, தண்ணீர் வடியத் துளைக்குழாய் பதிக்க வேண்டும். அதெல்லாம் முடிந்த பிறகு ஒரு மழைக்காலம் சும்மா விட வேண்டும்.

"சும்மான்னா?"

"சும்மாதான். புதுசா போட்ட மண்ணு. அது உட்காரணும்."

"அப்ப நாங்க எப்ப மாமா உட்காருறது?"

ஒரு வாரம் சின்னவள் அவரோடு பேசவில்லை. அவரைப் பற்றி என்னிடம் பேசினாள். வீட்டு டாக்டர் மருந்துக்கு மதிப்பில்லை என்பதுபோல, வெளியாள் சொல்லியிருந்தால் கேட்டிருப்பாள். எனக்கும் எரிச்சல்தான். ஒரு வருஷம் தள்ளிப்போகிறதே என்று நானும் முணுமுணுத்தேன். கடைசியில் அவளே இறங்கி வந்தாள். "பொறுத்தார் பூமி ஆள்வார்னு சொல்லுவாங்க. எனக்குப் பூமியெல்லாம் வேண்டாம், இந்த ஒரு மனை போதும். செய்யச் சொல்லுக்கா."

வெயில் காலம் முழுக்க எதிர் மனையில் வேலை நடந்தது. சமையலறை ஜன்னலில் இருந்து பார்த்தால் எல்லாம் தெரியும். உருளை வண்டி தூங்கி வழிகிற யானைபோல முன்னும் பின்னும் அசைந்துகொண்டிருக்கும், என் அலமாரியில் பாத்திரங்கள் கிணுகிணுக்கும். இவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். லாரி மண் வந்ததும் ஒரு பிடி எடுத்து உருண்டை பிடித்துக் கீழே போடுவார். இரண்டாகப் பிளந்தால் ஈரம் சரி. பொடியாகிப் போனால் தண்ணீர் தெளிக்கச் சொல்வார். ஒட்டிக்கொண்டு நின்றால் காயவிடச் சொல்வார். கான்ட்ராக்டர் வாய் நிறையச் சிரிக்கிறவர். "சார், இங்க வீடு கட்டறோமா, விமானம் இறக்கறோமா?" என்று கேட்பார். இவர் அதற்கும் பதிலாகக் குதிகாலால் மண்ணை ஒரு மிதி மிதித்து, பள்ளம் விழுகிறதா என்று குனிந்து பார்ப்பார்.

நாளாக ஆக எனக்கே அந்த வேலை பிடித்துப்போனது. சாண் சாணாகத் தரை எழும்பி வருவதை, காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை பார்ப்பேன். தெருவுக்கு எதிரே எப்போதும் இருந்த ஒரு குழிவு மெல்ல மெல்ல இல்லாமல் போனது. பின்பக்கத்துக் குழாயைக் கொண்டுவந்து தெருவோரச் சாக்கடையில் சேர்த்தார்கள். அந்தச் சாக்கடை தெருக்கோடி வரை போய், ரோட்டுக்கு அடியில் புகுந்து, எங்கள் வரிசை வீடுகளின் பின்னால் ஓடுகிற ஓடையில் விழும் என்று நகராட்சி வரைபடத்தில் இருந்தது. அவர் அதைப் பார்த்துத்தான் செய்தார்.

மழை ஒரு விடியற்காலையில் பிடித்துக்கொண்டது. பல் தேய்ப்பதற்கு முன்னால் குடையை எடுத்துக்கொண்டு ஓடினார். கொஞ்ச நேரத்தில் குடையை மடக்கியபடி நனைந்துகொண்டு வந்தார்.

"ஓடுது. தெளிவா ஓடுது. வா."

என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவைக் கடந்தார். எங்களுக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தெருவில் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. குழாய் வாயில் தண்ணீர் கண்ணாடிபோல விழுந்துகொண்டிருந்தது. கலங்கல் இல்லை என்றால் உள்ளே மண் கரையவில்லை என்று அர்த்தமாம். உள்ளங்கையை நீட்டி அதை ஏந்தினார். மண் இறங்குகிறதா என்று பார்க்க நட்டிருந்த கம்பிகள் எல்லாம் நேராக நின்றன. ஜோரான மழை, சாம்பல் வெளிச்சம், தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை, நாங்கள் இரண்டு பேரும் ஒரு குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றோம். எனக்கு அவர்மேல் அன்றைக்கு வந்த பிரியத்துக்கு அளவே இல்லை.

தண்ணீரோடு சேர்ந்து அவர் தெருவில் இறங்கி நடக்க ஆரம்பித்தார்.

"எங்க போறீங்க?"

"சும்மா. கூடப் போயிட்டு வரேன்."

வெகுநேரம் கழித்துத்தான் வந்தார். "கொஞ்சம் வரியா?" என்று மட்டும் கேட்டார்.

தெருக்கோடியில் தையற்காரம்மா வீடு. முன்னறையில் தைப்பார், பின்னறையில் குடியிருப்பார். எங்கள் தெருவில் அவர் கைபடாத ஜாக்கெட் கிடையாது. நாங்கள் போனபோது முன்னறையில் தண்ணீர் கணுக்காலைத் தாண்டி நின்றது. தையல் மெஷினைத் தனியாளாகத் தூக்கிக் கட்டில்மேல் வைத்திருந்தார். வெட்டி வைத்த துணிகளைத் தோளிலும் கழுத்திலும் போட்டுக்கொண்டு, இறக்கி வைக்க இடமில்லாமல் நடு அறையில் நின்றார். ஒரு நீலத் துணி அவர் காலைச் சுற்றி மிதந்து, வாசல் வரை போய், திரும்பி வந்தது.

"இங்க இப்படி வந்ததே இல்ல. இந்த வருஷம் மழைக்கு என்ன வந்துச்சோ" என்றார்.

இவர் ரோட்டோரத்தில் முழங்காலிட்டு, தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவினார். ரோட்டுக்கு அடியில் போக வேண்டிய சாக்கடை வாய் அங்கே இல்லை. தார் மேல் தாராகப் போட்டு ரோட்டை உயர்த்தி உயர்த்தி, அது எப்போதோ மூடிப்போயிருந்தது. வரைபடத்தில் மட்டும் திறந்திருந்தது. ஒவ்வொரு மண்ணையும் பல்லில் வைத்துக் கடித்துப் பார்க்கிற மனிதர், இந்த ஒரு கோட்டை மட்டும் காகிதத்தில் பார்த்து நம்பிவிட்டார்.

"அப்ப இத்தனை வருஷமா தண்ணி எங்க போச்சு?" என்று நான் கேட்டேன்.

"அந்தப் பள்ளத்துல நின்னுது. தெருத் தண்ணியை எல்லாம் அது வச்சிருந்திருக்கு. குளம் மாதிரி வாங்கி, மெதுவா குடிச்சிருக்கு. நான் அடியில இருக்கிற மண்ணைத்தான் பார்த்தேன். பள்ளம் என்ன வேலை பார்க்குதுன்னு பார்க்கல."

உள்ளே போய் அந்தம்மா முன்னால் நின்றார். "அம்மா, இது நான் அனுப்பின தண்ணி" என்றார்.

அந்தம்மா சிரித்துவிட்டார். "மழையை நீங்களா சார் அனுப்பினீங்க?"

"மழையை இல்லம்மா. இந்தத் தண்ணியை."

இவர் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது. மழை என்றால் தண்ணீர் வரத்தானே செய்யும் என்று போயிருப்பார்கள். சொன்ன பிறகு அந்தம்மா சிரிப்பை நிறுத்தி, தோளில் இருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து என் கையில் கொடுத்தார். நாங்கள் மத்தியானம் வரை வாளியால் இறைத்தோம். கான்ட்ராக்டரை வரவழைத்து, எதிர் மனையில் குழாய் வாயை அடைத்து, ஒரு மூலையில் குழி வெட்டித் தண்ணீரை அங்கேயே நிற்கவிட்டார்கள். பார்த்துப் பார்த்து இறுக்கிய மண். அதில் தண்ணீர் தேங்கினால் ஊறிப்போகும், ரொம்ப நாளைக்குத் தாங்காது என்று இவர் சொன்னார்.

குழாய் ஓடுவதைப் பார்க்க மகளோடு ஆசையாய் வந்த சின்னவள், வந்த வேகத்தில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எங்களோடு சேர்ந்து துணி பிழிந்தாள். சாயங்காலம் என் சமையலறையில் நின்று தலை துவட்டியபடி சொன்னாள்.

"வித்துடறேன்க்கா."

"என்னடி சொல்ற?"

"நான் மேட்டுல காலை நீட்டிப் படுத்துக்கிட்டு, அந்தம்மா வீட்டுக்குள்ள தண்ணியைத் தள்ளுறதா? திரும்பப் பள்ளமாக்கினா நான் எங்க கட்டுறது? வேண்டாம். யாராவது வாங்கி என்னவாவது பண்ணிக்கட்டும்."

அவள் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க எனக்கு வழியில்லை. அதனால் அவள் போன பிறகு இவர்மேல் பாய்ந்தேன். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டதே, எல்லாவற்றுக்கும் ஒரு பரிந்துரை வைத்திருப்பீர்களே, இதற்கு என்ன பரிந்துரை என்று கேட்டேன். இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தார்.

நகராட்சிக்குப் போய்வந்தார். ரோட்டை உடைத்துத் திரும்பப் போட வேண்டும், அடுத்த வருஷத் திட்டத்தில்தான் சேர்க்க முடியும் என்றார்களாம். குழாய்க்காக ரோட்டைக் குறுக்கே கொஞ்சம் வெட்டிக்கொள்ள வேண்டுமானால் அனுமதி தருகிறோம் என்றார்களாம். இதைச் சொல்லிவிட்டு மறுபடி வாயை மூடிக்கொண்டார். சின்னவள் புரோக்கரிடம் சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மனையைப் பார்க்க ஆள் வருவதாக இருந்தது.

இவர் என்ன செய்தார் தெரியுமா? தண்ணீர் நிரப்பிய ஒரு பிளாஸ்டிக் குழாயைத் தூக்கிக்கொண்டு திரிந்தார். கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்திருக்கிற, நீளமான, பாம்பு மாதிரி வளைகிற குழாய். ஒரு முனையை எங்கள் கேட்டில் கட்டிவிட்டு, மறுமுனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் ஆடி அடங்கும்வரை அசையாமல் நிற்பார். பிறகு இரண்டடி தள்ளி நிற்பார். காலையில் எழுந்து வந்தால் பின்பக்கம் நிற்பார், விளக்கு வைக்கிற நேரத்தில் பார்த்தாலும் அங்கேயே நிற்பார். கனவில் நடக்கிறவர் மாதிரி, கூப்பிட்டால் திரும்பக்கூட மாட்டார்.

சனிக்கிழமை என் பொறுமை தீர்ந்தது. "என் தங்கச்சி தெருவை விட்டுப் போறா. நீங்க குழாயைப் பிடிச்சு விளையாடிட்டிருக்கீங்க. ஒரு வார்த்தை பேசுங்களேன்."

"மட்டம் பார்க்கிறேன்" என்றார்.

அதற்குப் பிறகு நானும் அவரோடு பேசவில்லை. அழுதுகொண்டே படுத்துத் தூங்கிப்போனேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவைத் திறந்தால், வாசலில் சுண்ணாம்புப் பொடியால் ஒரு வெள்ளைக் கோடு கிடந்தது. எதிர் மனையில் தொடங்கி, ரோட்டைக் கடந்து, எங்கள் கேட்டுக்குள் நுழைந்து, சமையலறைச் சுவரை ஒட்டி நூல் பிடித்தாற்போல் போனது. நானும் அதன் பின்னாலேயே போனேன். துணி துவைக்கிற கல்லைத் தாண்டிக் கொல்லைக்குப் போனது. எங்கள் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஓடை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. தண்ணீர் தெருக்கோடிக்குப் போகவே வேண்டாம், எங்கள் வீட்டைத் தாண்டினால் ஓடை. இத்தனை நாள் இது ஏன் என் மர மண்டைக்குத் தோன்றவில்லை?

கொல்லையின் நடுவில் என் கொய்யா மரம். இந்த வீட்டுக்கு வந்த வருஷம் நான் வைத்தது. அதன் கீழே ஒரு கல் கிடக்கும். மத்தியானம் காய் நறுக்குவது, சின்னவளோடு போனில் சண்டை போடுவது, ஒன்றும் செய்யாமல் இலையைப் பார்த்துக்கொண்டிருப்பது எல்லாம் அங்கேதான். வெள்ளைக் கோடு நேராக அந்த மரத்தை நோக்கி வந்தது. வந்து, கிட்டே நெருங்கும்போது ஒதுங்கி, மரத்தைச் சுற்றி வளைந்து, மறுபடி நேராகி ஓடைக்குப் போனது.

இவரோடு இருந்து எனக்கும் கொஞ்சம் மண் ஒட்டியிருக்கிறது. குழாய் வளைந்தால் அந்த இடத்தில் வண்டல் தங்கும். நேராகப் போடாத கான்ட்ராக்டர்களை இவர் பேசியே கொன்றிருக்கிறார்.

சுவரோரமாகச் சுண்ணாம்பு வாளியோடு நின்றுகொண்டிருந்தார்.

"கோடு ஏன் வளையுது?"

"அங்க மண்ணு கொஞ்சம் சரியில்ல."

"மண்ணு சரியில்லையா?"

வாளியை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

"இந்த வழி உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அன்னிக்கே."

"அன்னிக்கேவா? அப்புறம் ஏங்க வாயைத் திறக்கல? நான் எவ்வளவு அழுதேன் தெரியுமா?"

"நேராப் போட்டா மரம் போயிடும். வளைச்சா தண்ணி ஓடுறதுக்குச் சரிவு பத்துமான்னு தெரியல. அதைத்தான் பார்த்துட்டிருந்தேன். விடிஞ்சப்புறம்தான் உறுதியாச்சு. மயிரிழையில பத்துது."

"வளைவுல வண்டல் தங்குமே."

"தங்கும். ஒரு சின்னத் தொட்டி கட்டி மூடி போட்டுடலாம். மழைக்கு மழை திறந்து அள்ளணும். நான் அள்ளிடுவேன்."

"எவ்வளவு நாளைக்கு?"

"இருக்கிற வரைக்கும்."

எனக்கு எங்கிருந்தோ ஆத்திரம் பொங்கியது. தங்கை வருவாளா மாட்டாளா என்று நான் உயிரை விட்டுக்கொண்டிருந்தபோது, இந்த மனிதர் ஒரு கொய்யா மரத்துக்காக வாய்மூடி இருந்திருக்கிறார். வளைந்த கோட்டைக் காலால் தேய்த்து அழித்தேன்.

"மரம் போனா போகட்டும். நேராப் போடுங்க. எனக்கு அவ வந்தா போதும்."

அவர் குனிந்து, ஒரு கைப்பிடி சுண்ணாம்பு அள்ளி, நான் அழித்த இடத்தில் அதே வளைவைத் திரும்பவும் போட்டார். "மாட்டேன்" என்றார். என்னிடம் அந்த வார்த்தையை அதுவரை அவர் சொன்னதே இல்லை.

"ஊருக்கெல்லாம் மரத்தை எடுங்கன்னு எழுதுறீங்க. நம்ம வீட்டுக்கு மட்டும் என்ன?"

"ஊர் மரத்துக்குக் கீழ நீ உட்காரலையே" என்றார், நிமிராமல், சுண்ணாம்பை விரலால் சரிசெய்தபடி.

உள்ளே வந்து சின்னவளுக்குப் போன் செய்தேன். அவள் எடுத்ததும் எனக்கு அழுகைதான் வந்தது. பயந்துபோய், "அக்கா, மாமாவுக்கு என்ன? அழாம சொல்லு" என்று கத்தினாள்.

"புரோக்கரை வர வேண்டாம்னு சொல்லுடி. தண்ணி எங்க வீட்டு வழியா போகும். நீ வா" என்றேன்.